ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) கார்: ஸ்பர் கியர் ஒரே இடத்தில் இறுகுகிறது, உதவி தேவை

அண்ணன்மாரே, யாங்கூன் தாம்வேயில் இருந்து எழுதுகிறேன். திஞ்ஞான் விழாவுக்கு முன்னால் டிராக்சஸ் ஸ்லாஷ் கார் ஒன்றைக் கைமாறி வாங்கினேன். டூ வீல் டிரைவ், பிரஷ் மோட்டார். பினியனும் (மோட்டார் தண்டில் இருக்கும் சின்ன கியர்) ஸ்பர் கியரும் (அது சுற்றிவிடும் பெரிய கியர்) சரியாகப் பொருந்தவே மாட்டேன் என்கின்றன.

ஸ்பர் கியரைக் கையால் சுற்றினால் ஓர் இடத்தில் இறுகும், நேர் எதிர்ப்பக்கம் லொடலொட என்று ஆடும். பெரிய கியர் ஒரு சுற்று வந்தால் ஒரு தடவை, அவ்வளவுதான். ஓட்டினால் கர்ர் என்று சத்தம். மூடியைத் திறந்தால் உள்ளே மாவு மாதிரி பிளாஸ்டிக் தூள்.

பற்களுக்கு நடுவே சரியான இடைவெளி கிடைக்கக் காகிதத் துண்டை இடையில் வைத்து மோட்டாரைத் தள்ளி முடுக்கினேன். காகிதம் கிழியாமல் மடிப்பு மடிப்பாக வெளியே வந்தது. ஆனால் இறுகும் இடத்துக்குச் சரியாக வைத்தால் எதிர்ப்பக்கம் பல் நழுவுகிறது. பினியனின் பல் அளவு 48 பிட்ச்தான். பழைய வண்டியாச்சே, யாராவது வேறு பல் அளவான 0.6 மாட்யூல் பினியனைப் போட்டிருப்பார்களோ என்று பல்லோடு பல் வைத்துப் பார்த்தேன், இல்லை. பினியனின் திருகும் மோட்டார் தண்டின் தட்டைப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் பாங்காக் போன நண்பர் மூலம் புது ஸ்பர் வரவழைத்து மாட்டினேன். அதே கதை.

ஸ்பர் கியரும் ஸ்லிப்பர் கிளட்சும் (திடீர் விசை வந்தால் வழுக்கிக் கொடுக்கும் பாகம்) மாட்டியிருக்கும் தண்டு வளைந்திருக்கும் என்பது என் கணிப்பு. பேரிங் தேய்ந்திருந்தாலும் இப்படித்தான் ஆடுமாம். இங்கே உதிரிபாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு, அதனால் தெரிந்துகொண்டுதான் சொல்லி அனுப்ப வேண்டும்.

கியர் பெட்டியை முழுசாகக் கழற்றாமல், கோளாறு தண்டிலா பேரிங்கிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?