ஊர் ஊராகச் செல்லும் தணிக்கைப் பணிக்கு எடை குறைந்த மடிக்கணினி எது?

வைகைக்கரை (கேள்வி):

வணக்கம். மதுரையில் பட்டயக் கணக்காளராகச் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். ராஜபாளையத்து நூற்பாலைகள், சிவகாசி அச்சகங்கள், கோவில்பட்டி தீப்பெட்டி ஆலைகள் என்று மாதத்தில் பாதி நாள் வெளியூரிலேயே கழிகிறது. பெரும்பாலும் பேருந்து, சில வேளை ரயில், ஆண்டுக்கு நான்கைந்து முறை விமானம். கையில் இருப்பது 15.6 அங்குலத் திரையுள்ள பழைய மடிக்கணினி. சார்ஜரோடு சேர்த்து வீட்டுத் தராசில் வைத்தபோது 2 கிலோ 900 கிராம் காட்டியது. இருக்கை கிடைக்காமல் நின்றபடியே வரும் நாள்களில் வலத் தோளில் தொடங்கும் வலி இப்போது கழுத்துவரை ஏறிவிட்டதால், இந்த ஆண்டு மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

டேலி கணக்கு மென்பொருள், எண்பதாயிரம் வரிகள் வரை நீளும் எக்செல் கோப்புகள், டிஜிட்டல் கையொப்பமிடுவதற்காக யூஎஸ்பி துளையில் செருகும் டோக்கன் ஆகியவைதாம் அன்றாட வேலை. 90,000 ரூபாய் வரை செலவிட முடியும். நண்பர்கள் பலரும் மேக்புக் ஏர் வாங்கச் சொல்கிறார்கள். இதே தொழிலில் அலைபவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பொருநைக்கரை:

ஐயா, நானும் தணிக்கைத் தொழிலில்தான் இருக்கிறேன். மேக்புக் ஏர் மிக நல்ல பொருள். 2022-இல் வந்த எம்2 மாடல் 1.24 கிலோதான், விசிறி இல்லாததால் சத்தமும் இல்லை. ஆனால் டேலிபிரைம் விண்டோஸில் நிறுவுவதற்கான மென்பொருள். மேக்கினுள் இன்னொரு மென்பொருளைப் போட்டு, அதற்குள் விண்டோஸை ஓட்டி, அதற்குள் டேலியையும் டோக்கனையும் இயக்குவதெல்லாம் வாடிக்கையாளரின் அறையில் உட்கார்ந்திருக்கும்போது செய்யக்கூடிய வேலை அல்ல. நம் தொழிலுக்கு விண்டோஸ் மடிக்கணினியே பொருந்தும்.

எடையைப் பார்ப்பதற்கு முன் பக்கவாட்டில் என்னென்ன துளைகள் இருக்கின்றன என்று பாருங்கள். நம் கையொப்ப டோக்கன் பழைய, அகலமான யூஎஸ்பி-ஏ வடிவத்தில் இருக்கிறது. மெலிந்த மடிக்கணினிகள் சிலவற்றில் யூஎஸ்பி-சி மட்டுமே உண்டு. டெல் எக்ஸ்பிஎஸ் 13-இன் 2022 மாடலில் இரண்டே இரண்டு யூஎஸ்பி-சி துளைகள்தான், ஹெட்போன் துளைகூடக் கிடையாது. அடாப்டர் வைத்துக்கொள்ளலாமே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். தணிக்கை அறிக்கை பதிவேற்றக் கடைசி நாளான ஒரு செப்டம்பர் 30 அன்று, தென்காசியில் தங்கியிருந்த விடுதியில் அடாப்டரை மறந்துவிட்டு வந்து, இரவு ஒன்பதரை மணிக்கு மூடப்போகும் கைபேசிக் கடை ஒன்றில் கெஞ்சி வாங்கிய பிறகுதான் கையொப்பமிட முடிந்தது. அன்றிலிருந்து யூஎஸ்பி-ஏ இல்லாத கணினியை நான் தொடுவதில்லை.

இன்னொன்று, 14 அங்குல மடிக்கணினிகளில் பெரும்பாலும் நம்பர் பேட் (விசைப்பலகையின் வலப்பக்கத்தில் எண்களுக்கென இருக்கும் தனி விசைகள்) இருக்காது. நாள் முழுவதும் தொகைகளை அடிப்பவருக்கு அது பெரிய இழப்பு. எல்ஜி கிராம் 16 மட்டும் இதற்கு நல்ல விடை: நம்பர் பேடும் யூஎஸ்பி-ஏ துளைகளும் உண்டு, எடையோ ஏறத்தாழ 1.2 கிலோதான். விலை நீங்கள் சொன்ன தொகையைத் தாண்டலாம்.

திருகாணி:

நான் மடிக்கணினி பழுதுபார்ப்பவன். எடைக்கு அடுத்தபடியாக நீங்கள் கேட்க வேண்டியது ரேம் பற்றித்தான். இந்த மெலிந்த ரகங்களில் பெரும்பாலும் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கிய பின் கூட்ட வழியே இல்லை. 8 ஜிபி போதும் என்று வாங்கியவர்கள் இரண்டு ஆண்டில் என் மேசைக்கு வந்து, கூட்ட முடியாது என்று கேட்டதும் முகம் வாடித் திரும்புவதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். எண்பதாயிரம் வரி எக்செல்லும் டேலியும் ஒன்றாகத் திறந்திருக்க வேண்டுமானால் 16 ஜிபிக்குக் குறையாமல் வாங்குங்கள். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி பெரும்பாலும் கழற்றி மாற்றக்கூடியதே, அதில் கவலை வேண்டாம்.

பேட்டரிக்கு விளம்பரத்தில் வரும் மணிக் கணக்கை விட்டுவிட்டு, அது எவ்வளவு மின்னாற்றலைச் சேமிக்கும் என்று காட்டும் வாட்-மணி அளவைப் பாருங்கள். எக்செல், உலாவி போன்ற வேலைகளில் கணினி சராசரியாக 8 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 57 வாட்-மணி பேட்டரி ஏழு மணி நேரம் தாங்கும். 40 வாட்-மணி என்றால் ஐந்து மணி நேரம்தான். எடையைக் குறைத்துக் காட்டுவதற்காக முதலில் கை வைக்கப்படுவது பேட்டரியில்தான் என்பதால், ஒரு கிலோவுக்கும் கீழே என்று சொன்னாலே இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

வைகைக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. டோக்கன் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. புதுப்பித்து விற்கப்படும் லெனோவா திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் மடிக்கணினியை வாங்குவது பற்றி என்ன நினைக்கிறீர்கள்? நம்பர் பேட் இல்லாவிட்டாலும், தனியாக ஒன்றை வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன்.

திருகாணி:

தாராளமாக வாங்கலாம். எடை 1.1 கிலோவை ஒட்டி இருக்கும், யூஎஸ்பி-ஏ துளைகள் இரண்டு உண்டு. ஆனால் ஆறாம் தலைமுறைக்கு, அதாவது 2018-க்கு, முந்தையதை எடுக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும், அது ஆறாம் தலைமுறை கார்பனில்தான் வந்தது. பேட்டரியின் இப்போதைய கொள்ளளவைக் காட்டும் விண்டோஸின் பேட்டரி அறிக்கையைக் கடையிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். 57 வாட்-மணியாகப் பிறந்த பேட்டரி 40-க்கு இறங்கியிருந்தால், புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம்.

மலைக்கோட்டை:

ஐயா, நான் மருத்துவக் கருவிகள் விற்பனையில் இருப்பவள். வாரத்தில் நான்கு நாள் பயணம்தான். தராசில் நீங்கள் சார்ஜரையும் சேர்த்து நிறுத்தது மிகச் சரி. பழைய செங்கல் போன்ற சார்ஜரும் அதன் தடித்த வயரும் என்னிடம் 380 கிராம் இருந்தன. யூஎஸ்பி-சி வழியே சார்ஜ் ஆகும் கணினியாக வாங்கினால், கேலியம் நைட்ரைடு என்ற வகையைச் சேர்ந்த சிறிய 65 வாட் சார்ஜர் ஒன்றே கணினிக்கும் கைபேசிக்கும் போதும். என்னுடையது கேபிளோடு 170 கிராம்தான். ஒரு சிறு தொல்லை உண்டு: பல ரயில் பெட்டிகளில் சாக்கெட் தளர்ந்திருப்பதால், நேரடியாகச் செருகும் இத்தகைய சார்ஜர் வண்டி ஆடும்போது கழன்று விழுந்துவிடுகிறது. ஒரு முழ நீளமுள்ள எக்ஸ்டென்ஷன் வயர் பையில் இருந்தால் சார்ஜரை இருக்கையில் வைத்துவிடலாம். ரயிலில் 110 வோல்ட் வந்தாலும், சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை.

விமானத்தில் 20,000 எம்ஏஎச் பவர் பேங்கை எடுத்துச் செல்லலாம்; 3.7 வோல்ட் கணக்கில் அது 74 வாட்-மணி, அனுமதிக்கப்பட்ட 100-க்குள் அடங்கும். அதைக் கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்ல வேண்டும்.

வைகைக்கரை:

சனிக்கிழமை கடைக்குச் செல்கிறேன். டோக்கனையும், மிகப் பெரிய எக்செல் கோப்பை ஒரு பென்டிரைவிலும், வீட்டுத் தராசையும் எடுத்துச் சென்று, அங்கேயே செருகிப் பார்த்து, திறந்து பார்த்து, சார்ஜரோடு நிறுத்துப் பார்த்த பிறகே பணம் கொடுப்பேன்.