ஆன்லைனில் பழைய கியர் சைக்கிள் வாங்கப் போகிறேன், திருட்டு வண்டி இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குரோம்பேட்டை வாசி:
வணக்கம். குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போய்வர ஒரு கியர் சைக்கிள் வாங்கலாம் என்று இருக்கிறேன். புதுசு வாங்கும் அளவுக்கு இப்போது கையில் பணம் இல்லை, அதனால் ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் இரண்டிலும் தேடிக்கொண்டிருக்கிறேன். கடையில் 20,000 ரூபாய்க்கு மேல் போகும் வண்டி ஒன்றை 5,000-க்குப் போட்டிருக்கிறார்கள். படத்தில் பார்த்தால் டயர் பட்டன்கூடத் தேயவில்லை. போனில் பேசினால், "பில் இல்ல பாஸ், ஃப்ரெண்டோட வண்டி, அவன் வெளிநாடு போயிட்டான்" என்கிறார். வீடு எங்கே என்று கேட்டால் பதில் இல்லை, ரயில்வே ஸ்டேஷன் வாசலுக்கு வாருங்கள், கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். விலை ஆசை காட்டுகிறது. ஆனால் யாரோ ஒரு பையன் டியூஷன் வாசலில் நிறுத்திவிட்டுப் போன வண்டியாக இருந்தால் என்ன செய்வது என்று மனசு ஒப்பவில்லை. பைக்குக்கு ஆர்.சி. புக் மாதிரி சைக்கிளுக்கு ஒன்றும் கிடையாதே, எதை வைத்துச் சரிபார்ப்பது? தெரியாமல் வாங்கிவிட்டால் போலீஸ் என்னையும் சேர்த்துப் பிடிப்பார்களா?

அம்பத்தூர் பெடல்:
இந்த வண்டியை விட்டுவிடுங்கள். பில் இல்லை என்பதை மட்டும் வைத்து நான் சொல்லவில்லை, பழைய சைக்கிளுக்கு எத்தனை பேர் பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்? ஆனால் பில்லும் இல்லை, வீட்டையும் சொல்ல மாட்டார், வண்டியும் வேறொருவருடையது, விலையும் கால்வாசி என்று நாலும் சேர்ந்து வரும்போது யோசிக்க ஒன்றும் இல்லை.

ஆர்.சி. கிடையாது, சரி. ஆனால் ஃப்ரேம் நம்பர் உண்டு. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் இருக்கும்படி நிறுத்துங்கள். பெடல் அச்சு ஓடுகிற குழாய் இருக்கிறதே, பாட்டம் பிராக்கெட், அதன் அடிப்பக்கத்தில் எழுத்தும் எண்ணுமாகக் குத்தியிருக்கும். சில கம்பெனி வண்டிகளில் சீட் குழாயிலோ, ஹேண்டில்பாருக்குக் கீழே முன்குழாயிலோ இருக்கும். சேறும் கிரீஸும் அப்பியிருந்தால் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்துப் பாருங்கள். அரம் போட்டு ராவிய தடம் இருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் புதுசாக இருந்தாலோ அதற்கு மேல் பேரம் பேசவே வேண்டாம்.

நான் சைக்கிள் கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு தடவை கறுப்பு வண்டி ஒன்று சர்வீஸுக்கு வந்தது. பிரேக் கேபிள் மேலெல்லாம் கறுப்பு தூவிக் கிடந்தது, செயினில்கூட அங்கங்கே கறுப்பு. சீட் கம்பியை உருவினால் குழாயின் வாய்க்குள் சிவப்பு அப்படியே இருக்கிறது. ஸ்ப்ரே அடித்தவன் சீட்டைக் கழற்றாமலே அடித்திருக்கிறான். நீங்களும் சீட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பாருங்கள், விற்கிறவர் சொந்தக்காரர் என்றால் அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார். சாதா சைக்கிள் என்றால் பின்சக்கரத்துக்கு மேலே பூட்டு மாட்டியிருக்கும் இடத்தையும் பாருங்கள். கிளாம்ப் இருந்த தடம் மட்டும் இருந்து பூட்டைக் காணோம் என்றால் ஏன் என்று கேளுங்கள். பூட்டு இருந்தால் சாவியைக் கொடுக்கச் சொல்லிப் பூட்டித் திறந்து பாருங்கள்.

டெக்கத்லான் வண்டி என்றால் பில் தொலைந்துவிட்டது என்று சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். வாங்கும்போது கொடுத்த போன் நம்பரில் பில் பதிவாகியிருக்கும், ஆப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளூர்க் கடைகளில் பல பேர் பில்லிலேயே ஃப்ரேம் நம்பரை எழுதிக் கொடுப்போம். பில் இருந்தால் அதை வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சும்மா ஒரு பில்லைக் காட்டினால் போதாது.

கோர்ட் வளாகம்:
சட்டம் பற்றிக் கேட்டதற்கு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையில்லாமல் வாங்கி வைத்திருப்பது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 411, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 317. மூன்று வருடம் வரை தண்டனை. உங்களைப் பொறுத்தவரை அந்த "நம்பக் காரணம்" என்ற இடம்தான் முக்கியம். 20,000 ரூபாய் வண்டியை 5,000-க்கு, பில் இல்லாமல், பெயர் தெரியாத ஒருவரிடம், ஸ்டேஷன் வாசலில் வாங்கினேன் என்று சொன்னால் "உங்களுக்குச் சந்தேகமே வரவில்லையா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இப்போது இங்கே சந்தேகம் வந்துவிட்டது என்று நீங்களே எழுதியும்விட்டீர்கள்.

சரி, நல்ல எண்ணத்தோடு, விசாரித்து, நியாயமான விலைக்கு வாங்கினீர்கள், அப்புறம் அது திருட்டு வண்டி என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மீது குற்றம் நிற்காது. ஆனால் வண்டி உங்களுடையது ஆகாது. விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது, 1930-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தில் பிரிவு 27 இதைத்தான் சொல்கிறது. போலீஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள், கடைசியில் அது உண்மையான சொந்தக்காரருக்குப் போகும். கொடுத்த பணத்தை நீங்கள் விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். அந்த ஆளின் பெயரும் முகவரியும் இல்லாமல் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

வேளச்சேரி அம்மா:
நான் சைக்கிளைப் பறிகொடுத்தவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். என் மகளின் சைக்கிள் எங்கள் அபார்ட்மெண்ட் கீழேயே காணாமல் போனது. வாங்கிய அன்றே ஃப்ரேம் நம்பரைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தோம், அதனால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதும்போது நம்பரோடு எழுதி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்க முடிந்தது. கொஞ்ச நாள் கழித்து ஒரு விற்பனைத் தளத்தில் அதே வண்டியைப் பார்த்தோம். கூடையின் இடது ஓரக் கம்பி வளைந்திருந்தது, மகள் ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்த தழும்பு செயின் கவரில் அப்படியே இருந்தது. நாங்களாகப் போய்ச் சண்டை போடாமல் ஸ்டேஷனுக்குத் தகவல் சொன்னோம், வண்டி கிடைத்தது. அதற்குள் ஒரு கல்லூரி மாணவர் அதை வாங்கியிருந்தார், பாவம், அவருக்குப் பணம் போனது போனதுதான். குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதால்தானே திருடுகிறார்கள். உங்களுக்கு மனசு ஒப்பாதது ரொம்ப நல்லது.

இன்னொன்று. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளையும் ஆன்லைனில் விற்கிறார்கள். எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் படத்தைப் பார்த்து யாருடையது என்று சொல்லவே முடியாது. அந்தப் பிள்ளையின் வீட்டிலேயே போய் அப்பா அம்மாவிடம் பேச முடியவில்லை என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

லண்டன் தமிழன்:
இங்கே பைக்ரெஜிஸ்டர் என்று ஒரு தளம் இருக்கிறது. ஃப்ரேம் நம்பரைப் போட்டால் அதில் திருட்டு என்று பதிவான வண்டியா என்று காசில்லாமல் பார்த்துவிடலாம், போலீஸும் அதைப் பயன்படுத்துகிறார்கள். இந்திய வண்டிக்கு அது உதவாது. பைக் இண்டெக்ஸ் என்ற தளத்தில் எந்த நாட்டு வண்டியையும் பதியலாம், தேடலாம். ஆனால் ஊரில் பதிகிறவர்கள் குறைவு, அதனால் அதில் அந்த நம்பர் வரவில்லை என்றால் சுத்தமான வண்டி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குரோம்பேட்டை வாசி:
எல்லோருக்கும் நன்றி. அந்த 5,000 ரூபாய் வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது இரண்டு பேரிடம் பேசுகிறேன். ஒருவர் ஆர்மியில் இருக்கிறாராம், டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டதாம், ஐடி கார்டு படம்கூட அனுப்பினார், 1,500 முன்பணம் போட்டால் வண்டியைப் பார்சலில் அனுப்புகிறேன் என்கிறார். இன்னொருவர் பல்லாவரம், 9,000 கேட்கிறார், ஃப்ரேம் நம்பரைக் கேட்டதும் படம் எடுத்து அனுப்பிவிட்டார், வீட்டுக்கே வாருங்கள் என்கிறார். இந்த இடத்துக்குப் போகும்போது என்ன எழுதி வாங்க வேண்டும்?

அம்பத்தூர் பெடல்:
ஆர்மி ஆளுக்கு ஒரு பைசா போடாதீர்கள். அது திருட்டு வண்டிகூட இல்லை, வண்டியே இருக்காது. ரொம்ப நாளாக நடக்கிற மோசடி இது, அந்த ஐடி கார்டு வேறு யாருடையதாகவோ இருக்கும். அவர் ஏதாவது கியூஆர் கோடு அனுப்பி "ஸ்கேன் பண்ணுங்க, பணம் திரும்ப வரும்" என்று சொன்னாலும் தொடாதீர்கள், யுபிஐ பின் போடுவது பணம் கொடுக்கத்தான், பணம் வாங்க அந்தப் பின் நம்பர் தேவையே இல்லை. யாராவது ஏற்கெனவே பணம் போட்டிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், தாமதம் ஆக ஆகப் பணம் கைமாறிப் போய்விடும்.

பல்லாவரத்துக்காரர் பேசுவது சொந்தக்காரர் பேசுகிற மாதிரி இருக்கிறது. போய்ப் பாருங்கள். எப்போது வாங்கினீர்கள், எந்தக் கடையில் சர்வீஸ் விட்டீர்கள், எதை மாற்றினீர்கள் என்று சாதாரணமாகப் பேச்சுக் கொடுங்கள். ஓட்டுகிறவருக்கு எந்தக் கியர் மக்கர் பண்ணும் என்பதுவரை தெரிந்திருக்கும்.

கோர்ட் வளாகம்:
ஒரு வெள்ளைத்தாள் போதும். விற்பவர் பெயர், முகவரி, போன் நம்பர், வண்டியின் கம்பெனி, மாடல், நிறம், ஃப்ரேம் நம்பர், விலை, தேதி எல்லாம் எழுதி, "இது என் சொந்த வண்டி, இதில் வேறு யாருக்கும் உரிமை இல்லை" என்று ஒரு வரி சேர்த்து இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், ஆளுக்கு ஒரு பிரதி. ஆதார் நகல் கேட்டால் சிலர் கொடுக்க யோசிப்பார்கள், அதில் தப்பில்லை, அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் தாளில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பார்த்தாலே போதும். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் யுபிஐயில் அவர் பெயருக்கே போடுங்கள், வேறு பெயர் வந்தால் நிறுத்திக் கேளுங்கள். விளம்பரத்தையும் சாட்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், விற்றதும் விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள்.

அம்பத்தூர் பெடல்:
பகலில் போங்கள். அடியில் குத்தியிருக்கும் நம்பரில் 8 எது, பி எது என்று டார்ச் வெளிச்சத்தில் தெரியாது.