மீன்தொட்டி ஃபில்டரை வீட்டுக்கு வெளியே வைத்தவர்களின் அனுபவம்

செங்கோட்டையிலிருந்து:

எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலடித் தொட்டி, 250 லிட்டர் பிடிக்கும். ஆறு மிஸ் கேரளா மீன்கள் விட்டிருந்தேன். கேனிஸ்டர் ஃபில்டர், அதாவது தொட்டித் தண்ணீரை ஹோஸ் வழியாக இழுத்து ஸ்பாஞ்சில் வடிகட்டி, பம்பால் திருப்பி அனுப்பும் மூடிய டப்பா, ஸ்டாண்டுக்குள்ளேயே இருந்தது. அம்மா கூடத்தில்தான் படுப்பார். ராத்திரி முழுக்க உர்ரென்று கேட்கும் சத்தத்தில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. கழுவ எடுக்கும் நாளில் தரையெல்லாம் தண்ணீர். சரி, வெளியே வைத்துவிடலாம் என்று பிளம்பரைக் கூப்பிட்டு ஹோஸ் போக வடக்குச் சுவரில் இரண்டு அங்குல ஓட்டை போட்டேன்.

ஓட்டை வெளிப்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஆனி, ஆடிச் சாரல் நேராக விழாது. ஆரியங்காவுக் கணவாய்க் காற்றோடு குறுக்கே அடிக்கும். சரிவு இல்லாவிட்டால் மழை கூடத்துக்குள் வந்துவிடும். பிளக்கை வீட்டுக்குள்ளேயே வைத்தேன். ஒயரை ஒரு தொங்கல் விட்டு, அதிலிருந்து மேலே ஏறிப் பிளக்குக்குப் போகும்படி விட்டால் வழிகிற தண்ணீர் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும். மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். தொட்டிக்குள் நாம் வெறுங்கையை விடுகிறோம்.

மழைக்கு இவ்வளவு யோசித்தவன் வெயிலை விட்டுவிட்டேன். வடக்குச் சுவர்தானே, நிழலாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். செங்கோட்டை ஏறக்குறைய 9 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சித்திரையில் உச்சியைத் தாண்டும் சூரியன் ஆவணி வரை நமக்கு வடக்காகவே போகும். உச்சி வெயிலை சன்ஷேடு மறைத்தது. காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்ந்து வந்து அந்தக் கறுப்பு டப்பா மேல்தான் விழுந்தன.

மே மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு வேலை என்று காலை 9 மணிக்குப் போன கரண்ட் மாலை நாலரைக்குத்தான் வந்தது. வந்ததும் பம்ப் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. நான் கடையில் இருந்தேன். ஏழு மணிக்கு வீடு திரும்பினால் தண்ணீர் கலங்கிக் கிடக்கிறது. ஒரு நிமிடம் ஒரே இடத்தில் நிற்காத மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மூக்கிலிருந்து பாதி உடம்பு வரை ஓடும் சிவப்புக் கோடு வெளுத்துப்போயிருந்தது. வெளியே போய் ஃபில்டர் மூடியைத் திறந்தேன். அழுகிய முட்டை நாற்றம். காலையில் காபிப் பொடி நிறத்தில் இருந்திருக்க வேண்டிய ஸ்பாஞ்ச் கரியாகக் கறுத்து வழவழவென்று கையில் ஒட்டியது.

நடந்தது இதுதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சில் வாழ்கின்றன. அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். மூடிய டப்பாவில் ஓட்டம் நின்றால் இருக்கிற ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும். சூடு ஏற ஏற அது இன்னும் வேகமாகத் தீரும். 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும் ஆக்சிஜன், 35 டிகிரியில் 7 அளவுக்குத்தான் கரையும். டப்பாவுக்குள் செத்து அழுகியதையெல்லாம் பம்ப் அப்படியே தொட்டிக்குள் தள்ளிவிட்டது.

பாதித் தண்ணீரை மாற்றி, ஏர் பம்ப் போட்டு, விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று மீன்கள் போய்விட்டன. கேரளத்து முண்டக்கயம் மலையடிவாரத்து மீன் என்று 1865-ல் மீன் ஆய்வாளர் ஃபிரான்சிஸ் டே பதிவு செய்தது இந்த மிஸ் கேரளாவைத்தான். பாறையில் மோதி ஓடும் குளிர்ந்த ஆற்றில் வாழ்கிற ஜாதி. அதைக் கொண்டுவந்து வளர்க்கிறவனுக்கு இந்தக் கவனம் இருந்திருக்க வேண்டும். இன்றும் மனம் ஆறவில்லை.

இப்போது ஃபில்டர் மாடிப்படிக்கு அடியில், தென்னங்கீற்று மறைப்புக்குள் இருக்கிறது. கரண்ட் போய் ஒரு மணி நேரம் தாண்டினால் யார் வீட்டில் இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். வந்த பிறகு டப்பாத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி மாட்டிய பிறகுதான் ஓட விடுகிறோம். கரண்ட் இல்லாத நேரத்துக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறதுங்க. நான் வைத்திருப்பது திறந்த சம்ப், கொல்லைத் தாழ்வாரத்தில். மீன்தொட்டித் தண்ணீர் அந்தத் திறந்த தொட்டிக்கு இறங்கிச் சுத்தமாகும், பம்ப் அதைத் திரும்ப மேலே ஏற்றும். காற்று படுவதால் நாற்றப் பிரச்சினை வந்ததில்லை. ஆனால் முதல் மின்தடையிலேயே வாசல் வரை வெள்ளம். பம்ப் நின்றதும் திரும்பும் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீர் பின்னோக்கி இறங்கி சம்ப் நிரம்பி வழிந்துவிட்டது. அந்தக் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்ன ஓட்டை போட்டேன். மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து, இறங்குவது நின்றுவிடும். அந்த ஓட்டையில் பாசி அடைக்காமல் அடிக்கடி குத்திவிட வேண்டும்.

இன்னொன்று, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் திறந்த தண்ணீர் மளமளவென்று வற்றும். தினமும் மட்டம் பார்த்து ஊற்றுகிறேன். முதல் மழையன்று சம்ப்புக்குள் கறுப்பு மணி கோத்த ஜெல்லிக் கயிறு கிடந்தது. தேரை முட்டை! விஷம் என்று கேள்விப்பட்டு முழுக்க அள்ளி எடுத்தேன். அன்றிலிருந்து கொசுவலையை ரப்பர் வாரால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். கொசுவும் முட்டை இடுவதில்லை. உங்கள் ஹோஸ் வெயிலில் என்ன ஆனதுங்க அண்ணா?

செங்கோட்டையிலிருந்து:

தம்பி, உள்ளே தெரிகிற ஹோஸ் என்பதால் ஒரே மாதத்தில் பச்சைப் பாசி பிடித்து ஓட்டம் பாதியாகிவிட்டது. இப்போது வெளியே இருக்கும் பகுதி முழுவதையும் கறுப்புப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டிருக்கிறேன். பாசி இல்லை. ஆனால் அந்த இடைவெளியில் எறும்பு கூடு கட்டுகிறது. வாரம் ஒருமுறை தட்டிவிட வேண்டியிருக்கிறது.