நடக்க முடியாத என் தம்பிக்கு தேவனுடைய ராஜ்யத்தில் இடம் உண்டா?

கேள்வி: தாமிரபரணிக்கரை

அனைவருக்கும் தோத்திரம். என் தம்பி கொத்தனார் வேலை பார்த்தவன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டதால், இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லாமல் போய்விட்டன. இப்போது அவனுக்கு வயது முப்பத்து நான்கு. முதல் ஆண்டு முழுவதும் உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம் என்று நாங்கள் அழைத்துப் போகாத இடம் இல்லை. அப்படிப் போன ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில், ஜெபித்தவர் அவனை எழுந்து நடக்கச் சொன்னார். இரண்டு பேர் கைகளைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டுப் பிடியை விட்டார்கள். அவன் மேடைக்கு முன்னால் முகம் குப்புற விழுந்தான். "இந்த வீட்டில் விசுவாசக் குறைவு இருக்கிறது" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார்கள்.

அன்று முதல் தம்பி ஆலயத்துக்கு வருவதில்லை; வேதத்தையும் தொடுவதில்லை. போன வாரம் அவனுக்குப் படுக்கையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, "அக்கா, தேவனுடைய ராஜ்யத்தில் சப்பாணிகள் நடக்கிறார்கள் என்றுதானே எழுதியிருக்கிறது? அப்படியானால் நடக்காதவனுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறுதலுக்காகச் சொல்லப்படும் வார்த்தைகளை அவன் உடனே கண்டுகொள்வான். உண்மையான பதில் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

மறுமொழி 1: திருமறை மாணவன்

கர்த்தருக்குள் அன்பான சகோதரி, ஆலயத்தில் பல ஆண்டுகள் வேதபாட வகுப்பு எடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தம்பி சொன்ன வசனம் மத்தேயு 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அது யாருக்குச் சொல்லப்பட்டது என்பதைக் கவனியுங்கள். ஏரோதின் சிறையில் கிடந்த யோவான்ஸ்நானகன், வருகிறவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார். குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் பிரசங்கிக்கப்படுகிறது என்று இயேசு மறுமொழி சொல்லி அனுப்புகிறார். இதே இயேசு, லூக்கா 4ஆம் அதிகாரத்தின்படி, நாசரேத்து ஜெப ஆலயத்தில் ஏசாயாவின் சுருளை வாசித்தபோது, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை என்பதையும் சேர்த்தே வாசித்தார். சிறையில் இருந்தவருக்கு அனுப்பிய பதிலில் மட்டும் அந்த ஒரு வரி இல்லை. யோவானுக்கு அது தெரியாமல் போயிருக்காது. அவர் சிறையிலேயே வெட்டுண்டு இறந்தார். ஆனால், யோவான் அனுப்பிய சீஷர்கள் திரும்பிப் போனவுடனே, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் எழும்பினதில்லை என்று இயேசு ஜனங்களுக்கு முன்பாகச் சாட்சி கொடுத்தார். விடுதலை கிடைக்காத அந்த மனிதரை அவர் விசுவாசக் குறைவுள்ளவர் என்று சொல்லவில்லை.

தம்பி கொத்தனார் என்பதால் மாற்கு 2ஆம் அதிகாரத்தையும் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து, கூட்டத்தினால் வாசலை அணுக முடியாமல், கூரையைப் பிரித்து உள்ளே இறக்கினார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார் என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவனுடைய விசுவாசத்தை அளந்து பார்த்ததாக ஒரு வார்த்தையும் இல்லை. நீங்கள் போன அந்தச் சுகமளிக்கும் கூட்டத்தில் விசுவாசம் யாரிடம் கேட்கப்பட வேண்டும் என்றால், தூக்கி நிறுத்திவிட்டுக் கையை விட்டவர்களிடம்தான் கேட்கப்பட வேண்டும். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

பவுல் தம் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. தம்மோடு ஊழியப் பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாக அவரே எழுதுகிறார். ராஜ்யம் வந்திருக்கிறது, இன்னும் முழுமையாக வந்து முடியவில்லை. ரோமர் 8ஆம் அதிகாரம் சொல்வதுபோல, ஆவியின் முதற்பலன்களைப் பெற்றவர்களும் சரீர மீட்புக்காகக் காத்துத் தவிக்கிறார்கள். அற்புத சுகம் உண்டென்று நானும் விசுவாசிக்கிறேன், அதற்காகத் தினமும் ஜெபிக்கிறேன். ஆனால் அது கிடைக்காதவர் ராஜ்யத்துக்கு வெளியே நிற்பவர் என்று சொல்ல வேதத்தில் எனக்கு இடம் தெரியவில்லை.

மறுமொழி 2: பாகாயம்

சகோதரி, நான் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பணியிலிருந்து ஓய்வுபெற்றவள். தம்பிக்கு மேரி வர்கீஸ் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள். கொச்சியில் பிறந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், 1954இல் நடந்த வாகன விபத்தில் தம்பியைப் போலவே இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன்பின் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் பலன். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986இல் காலமாகும்வரை அவருடைய கால்களுக்கு உணர்வும் அசைவும் திரும்பவில்லை. நடக்கிற மருத்துவர் எத்தனை சொன்னாலும் நம்பாத ஒரு நோயாளி, தன்னைப் போலவே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வருகிற மருத்துவரைக் கண்டால் நம்புவார் அல்லவா?

அந்தக் கை அறுவைச் சிகிச்சையை வளர்த்தெடுத்தவர் கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட். கை நேராகி ஊருக்குத் திரும்பியவர்களுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. கை மடங்கியிருந்தபோது கிடைத்த பிச்சையும் கிடைக்காமல் போயிற்று. ஆகவே 1951இல் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பை ஏற்படுத்தி, அங்கே அவர்களுக்குத் தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றுக்கொடுத்தார்கள். உறுப்பு சரியானாலும், மனிதருக்கு நடுவில் ஓர் இடம் திரும்பக் கிடைக்கும்வரை குணமாகுதல் முடிவதில்லை என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். இயேசு குஷ்டரோகியைத் தொட்டதன் பொருளை நான் படித்து அறிந்ததைவிட அங்கே கண்டு அறிந்தேன்.

ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். தம்பியின் முதுகின் அடியிலும் இடுப்பின் இரு பக்கங்களிலும் குதிகாலிலும் தோல் எப்படி இருக்கிறது? படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். உட்கார்ந்திருக்கும்போது கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை இரு கைகளையும் ஊன்றி உடலைத் தூக்கிப் பழகட்டும். கொத்தனாருடைய தோள்களுக்கு அந்த வலு இருக்கும். காலையும் மாலையும் ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்துத் தன் தோலைத் தானே பார்த்துக்கொள்ளட்டும். எங்கேயாவது சிவந்து, அழுத்தம் நீங்கிய பிறகும் அந்தச் சிவப்பு மாறாமல் இருந்தால், அது மறையும்வரை அந்த இடத்தில் பாரம் படக் கூடாது. தோல் உரிந்துவிட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். படுக்கைப் புண் முற்றினால் உயிருக்கே ஆபத்து. இரவு இரண்டு மணிக்கு எழுந்து நீங்கள் தம்பியைப் புரட்டிவிடுவதும் ராஜ்யத்தின் வேலைதான் என்று மனதார நம்புகிறேன்.

மறுமொழி 3: மணப்பாடு கடலோரம்

அக்கா, நான் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்தவன். நீங்கள் "தேவனுடைய ராஜ்யம்" என்று வாசிப்பதை, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் நாங்கள் "இறையாட்சி" என்று வாசிக்கிறோம். கிரேக்கத்தில் உள்ள பசிலேயா என்ற சொல் இரண்டையும் குறிக்கும். ராஜ்யம் என்றால் எல்லையும் வாசலும் நினைவுக்கு வருகின்றன. யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வியும் உடனே வந்துவிடுகிறது. ஆட்சி என்று வாசித்தால், இப்போது இங்கே யாருடைய விருப்பம் நடக்கிறது என்ற கேள்வி வருகிறது. உங்கள் தம்பியைக் கீழே விழவிட்டு அடுத்தவரை அழைத்த அந்த மேடையில் நடந்தது கடவுளின் ஆட்சி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தம்பியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். லூக்கா 14ஆம் அதிகாரத்தில் வரும் பெரிய விருந்து உவமையில், வீட்டுத் தலைவர் ஊனமுற்றோரையும் கால் ஊனமானோரையும் கூட்டி வரச் சொல்கிறார். அவர்கள் முதலில் குணமாகிவிட்டு வர வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை. அவர்கள் அப்படியே வந்து பந்தியில் உட்கார்கிறார்கள்.

தாமிரபரணிக்கரை

உங்கள் எல்லாருக்கும் என் நன்றி. நேற்று இரவு இவை அனைத்தையும் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். யோவானுக்கு அனுப்பிய பதிலில் ஒரு வரி விடுபட்டிருந்தது என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, இரண்டு இடங்களையும் வேதத்தில் எடுத்துத் தரச் சொன்னான். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு இப்போதுதான் வேதத்தைக் கையில் வாங்கினான். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மேரி வர்கீஸ் அம்மா எந்தப் பக்கமாக உட்கார்ந்து அறுவைச் சிகிச்சை செய்வார், மேசை எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று கேட்டான். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பாகாயம் சகோதரிக்குத் தெரிந்தால் எழுதுங்கள். வலது குதிகாலில் ஒரு சிறு சிவப்பு இருக்கிறது. நாளை மருத்துவரிடம் காட்டுகிறோம்.

இன்று காலையில் எங்கள் ஆலயத்து வாசற்படிகளை அளந்து வரச் சொன்னான். மூன்று படிகள், ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும், ஆகவே சாய்தளம் பதினெட்டடி வரும், தெற்குப் பக்கம் வேப்பமரத்தை ஒட்டித் திருப்பினால் இடம் போதும் என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்திருக்கிறான். எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் அந்தத் தாளை ஞாயிற்றுக்கிழமை கொடுக்கப் போகிறேன். கலவை போடும்போது தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறான்.