பழைய 12 இஞ்ச் சர்ஃபேஸ் பிளேனர்: பலகைக் கடைசியில பள்ளம் விழுது

தேக்குச்சட்டம்:
பலகையை மேசை மேல தள்ளி இழைக்கிற வார்ப்பிரும்பு மிஷின், சுத்துற உருண்டைக் கட்டர் பிளாக், அதுல மூணு பிளேடு, 2 எச்.பி மோட்டார். மேசை முழுக்கத் துரு. பெல்ட்டைக் கழட்டி பிளாக்கைக் கையால சுத்தினா கரகரங்குது. இழைச்சா பலகையோட கடைசி ரெண்டு இஞ்ச்ல மட்டும் பள்ளம். எதுல ஆரம்பிக்கலாம்? துருவை கிரைண்டர் போட்டு எடுத்துடலாமா?

லேத்பட்டறை:
கிரைண்டரை மேசைப் பக்கமே கொண்டுபோகாதீங்க தம்பி, அங்கங்கே குழி விழுந்துடும். கரகரங்குறது பேரிங், முதல்ல அதைப் பாருங்க. அதை மாத்தினா பிளாக்கோட உயரம் மாறும். மேசையை முன்னாடியே செட் பண்ணினா ரெண்டு வேலை.

பிளக்கைப் பிடுங்கிட்டு பிளேடுகளை எடுத்துடுங்க, இல்லேன்னா கை போயிடும். பேரிங் உட்கார்ற வீடுகள்ல இடது வலது குறிச்சுக்கோங்க. பேரிங்கைப் புல்லர் (பிடிச்சு இழுக்குற கருவி) போட்டுத்தான் கழட்டணும். ஷாஃப்ட் முனையில சுத்தியல் பட்டா முனை விரிஞ்சு பேரிங் வெளியவே வராது. நம்பர் பேரிங் பக்கவாட்டுல இருக்கும். 6205னா உள் விட்டம் 25, வெளி விட்டம் 52, அகலம் 15 மி.மீ. ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதா வாங்குங்க, மரத்தூள் உள்ளே போகாது. ஏத்தும்போது பைப் துண்டு உள் வளையத்துல மட்டும் உட்காரணும். வெளி வளையத்துல தட்டினா அந்த அடி குண்டு வழியா இறங்கி தடத்துல பள்ளம் விழும், புது பேரிங்கும் கத்தும்.

புது பேரிங் ஷாஃப்ட்ல கையாலேயே வழுக்கிட்டுப் போனா ஷாஃப்ட் தேஞ்சிருக்கு. பஞ்ச் அடிச்சுப் புள்ளி வைக்கிற வைத்தியம் வேண்டாம். மெட்டல் ஏத்தி கிரைண்டிங் பண்ணச் சொல்லுங்க.

இழைப்புளி:
துருவுக்கு மண்ணெண்ணெய் ஊத்தி ஊறவிட்டு, 220 நம்பர் எமரி பேப்பரைத் தட்டையான மரக்கட்டையில சுத்தித் தேய்ங்க, அப்புறம் 400. ஆசிட் வேகமா எடுக்கும், ஆனா கறை நிக்கும். கடைசியா மெழுகு. ராத்திரி மேசை மேல மரத்தூளை விட்டுட்டுப் போனா ஈரத்தை இழுத்து மறுபடி துருதான்.

கடைசிப் பள்ளத்துக்குக் காரணம், பிளேடைத் தாண்டினதும் பலகை ஏறுற பின் மேசை, பிளேடை விடத் தாழ்வா இருக்கிறது. பலகை முன் மேசையை விட்டதும் தொப்புன்னு இறங்குது. நேரான ரீப்பரைப் பின் மேசையில வெச்சு, பிளேடுக்கு மேல நீட்டி, பிளாக்கைக் கையால சுத்துங்க. பிளேடு ரீப்பரை 2, 3 மி.மீ இழுத்தா சரி. 10 மி.மீ இழுத்தா மேசையை ஏத்தணும். இழுக்கவே இல்லைன்னா மேசை உசரம், பலகை அதோட உதட்டுல முட்டும். மூணு பிளேடையும் ரெண்டு ஓரத்துலயும் பார்த்துடுங்க.

தேக்குச்சட்டம்:
பேரிங் மாத்தியாச்சு, பள்ளமும் போச்சு. நன்றிண்ணா. ஆனா இழைச்ச ரெண்டு விளிம்பைச் சேர்த்து வெச்சா நடுவுல வெளிச்சம் தெரியுது.

இழைப்புளி:
மேசையோட வெளி முனைகள் தொங்குது. முன் மேசையைப் பின் மேசை மட்டத்துக்கு ஏத்தி, நீள ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேர்பட்டை) வெச்சு, ஃபீலர் கேஜால (இடைவெளி அளக்குற மெல்லிய தகடுகள்) முனை இடைவெளியைப் பாருங்க. முதல்ல மேசை ஏறி இறங்குற சறுக்குத் தடத்தோட கிப் ஸ்க்ரூவை (ஆட்டத்தை எடுக்குற திருகு) இறுக்குங்க, பாதி நேரம் அதுலயே சரியாகிடும். இல்லைன்னா தடத்தோட கீழ் முனையில 0.05 மி.மீ தகடு ஒண்ணு சொருகி மறுபடி அளங்க. ஒரேயடியா தடிமன் தகடு வேண்டாம். அங்கே மயிரிழை ஏறினா மேசை முனையில அதைவிட அதிகமா ஏறும்.

லேத்பட்டறை:
புல்லியையும் பாருங்க. நிமிஷத்துக்கு 1440 சுத்து மோட்டார்ல 8 இஞ்ச் புல்லி, பிளாக்ல இரண்டரை இஞ்ச் போட்டா பிளாக்குக்கு நிமிஷத்துக்கு சுமார் 4600 சுத்து வரும். பாதி வேகத்துல ஓடினா எவ்வளவு சாணை பிடிச்சாலும் அலை அலையாத்தான் இழைக்கும்.