ஒன்பது வருஷ நேவி வேலை ஒரே தாளில் முடிந்தது, இதை மறுபடி கேட்க வழி உண்டா?

பாறசாலை மாமன்:

எல்லாருக்கும் வணக்கம். என் அக்கா மகனைப் பற்றிய விஷயம் இது. பயல் பிளஸ் டூ முடித்த கையோடு நேவியில் செய்லராகப் போனான். ஒடிசாவில் சில்காவில் பயிற்சி, அப்புறம் கப்பலில் இன்ஜின் ரூம். ஒன்பது வருஷம் நாலு மாசம் ஓடியது. இரண்டு வருஷத்துக்கு முன்பு 'சர்வீஸ் நோ லாங்கர் ரிக்வயர்ட்' என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சேவை இனி தேவையில்லையாம்.

செய்த குற்றத்தை மறைக்கவில்லை. லீவு முடிந்து நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, மூன்று தடவை. முதலில் 6 நாள், அப்புறம் 11 நாள், கடைசியாக 23 நாள். நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டு கேட்டில் காவலுக்கு நின்றவரோடு வாய்த்தகராறு. ஒவ்வொன்றுக்கும் அப்போதைக்கப்போது தண்டனை கொடுத்தாயிற்று. லீவை நிறுத்தினார்கள், சம்பளத்தில் பிடித்தார்கள், நன்னடத்தைப் பேட்ஜையும் பறித்தார்கள். அந்த 23 நாளில் அக்கா மெடிக்கல் காலேஜில் கிடந்தாள்.

இப்போது அவனுக்குப் பென்ஷன் இல்லை, கேன்டீன் கார்டு இல்லை. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறான். ஒரு தப்புக்கு இரண்டு தண்டனையா? யாராவது விவரம் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற பி.ஓ.:

அண்ணாச்சி, மனசு கஷ்டமாக இருக்கும், புரிகிறது. ஆனாலும் நேராகவே சொல்கிறேன், அது சரியான முடிவு.

நானும் நேவியில் பெட்டி ஆபீசராக (பி.ஓ.) இன்ஜின் ரூமில் கிடந்தவன்தான். மூன்று பேர் மாறி மாறி நிற்கிற இடத்தில் நாலு மணி நேரம் வாட்ச், எட்டு மணி நேரம் ஓய்வு. அந்த எட்டு மணி நேரத்தில்தான் சாப்பாடு, துணி துவைப்பது, பராமரிப்பு வேலை, தூக்கம் எல்லாம். ஒருவன் வரவில்லை என்றால் மற்ற இருவரும் நாலு மணி நேரம் நின்று நாலு மணி நேரம் படுக்க வேண்டும். கீழே வெக்கை, காதில் இரைச்சல். மூன்றாம் நாள் கேஜைப் பார்த்தால் முள் இரண்டாகத் தெரியும். கப்பல் கிளம்பிப் போனால் ஆளைக் கூலிக்குப் பிடிக்க முடியாது. உங்கள் மருமகன் வராத 23 நாளும் இன்னொருத்தன் வீட்டுப் பிள்ளை அவனுக்கும் சேர்த்து நின்றான். அவனுக்கும் அம்மா இருந்திருப்பாள்.

இன்னொன்று, இது இரண்டாவது தண்டனை இல்லை. தண்டனையாக அனுப்புவது டிஸ்மிசல். உங்களுக்கு வந்தது டிஸ்சார்ஜ், நிர்வாக முடிவு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

குழித்துறை வக்கீல்:

பி.ஓ. சார் சொன்ன வித்தியாசம் சட்டப்படி சரிதான். 1957 கப்பற்படைச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் செய்லரை விடுவிக்கும் அதிகாரம் கப்பற்படைத் தளபதிக்கும், விதிகளில் குறிப்பிட்ட அதிகாரிகளுக்கும் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 310ஆம் பிரிவுப்படி படையில் இருப்பவர் குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரைதான் பதவியில் இருக்கிறார். விசாரணை இல்லாமல் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று தாலுகா ஆபிஸ் கிளார்க்குக்கு 311ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு செய்லருக்குக் கிடையாது.

ஆனால் அதிகாரம் இருக்கிறது என்பது ஒன்று, அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது இன்னொன்று. படையினரின் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் பார்ப்பது இரண்டாவதைத்தான். முன்கூட்டியே எச்சரித்தார்களா, விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தார்களா, அவன் பதிலைப் படித்தார்களா, ஒன்பது வருஷ வேலையை ஒரு தட்டில் வைத்தார்களா?

ராணுவத்தில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. வீரேந்திர குமார் துபே வழக்கு, சுப்ரீம் கோர்ட், 2015 அக்டோபர். நாலு சிவப்பு மைப் பதிவு (தண்டனையை நடத்தைத் தாளில் சிவப்பு மையில் எழுதுவது) விழுந்தாலே ஆளை அனுப்பலாம் என்ற வாதத்தைக் கோர்ட் ஏற்கவில்லை. குற்றம் எவ்வளவு பெரியது, எத்தனை வருஷம் வேலை பார்த்தார், கஷ்டமான இடங்களில் இருந்தாரா, இதையெல்லாம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றது. ராணுவத் தலைமையகமே 1988 டிசம்பர் 28இல் எழுதிய கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பி.ஓ.:

வக்கீல் சார், அது ஆளை விடுவிப்பது பற்றிய ராணுவ விதி 13. நேவியில் சிவப்பு மை கணக்கே கிடையாது. வேறு புத்தகம், வேறு விதி.

குழித்துறை வக்கீல்:

ஒப்புக்கொள்கிறேன். அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. கோர்ட் யோசித்த முறையை மட்டும்தான் சொல்லிக் கேட்கலாம். இதே 'சேவை தேவையில்லை' தலைப்பில்தான் 2017இல் பாலின மாற்று அறுவை செய்துகொண்ட ஒரு செய்லரையும் அனுப்பினார்கள். தலைப்பு ஒன்று, காரணங்கள் எத்தனையோ. அதனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், நான் உட்பட.

கொல்லங்கோடு தம்பி:

அமெரிக்காவில் இதற்கென்றே நேவியில் தனி ரிவ்யூ போர்டு இருக்கிறது. விடுவித்த நாளிலிருந்து 15 வருஷம் வரை மனுப் போடலாம். போர் அதிர்ச்சியால் மனநலம் கெட்டவர்களின் மனுக்களைக் கனிவோடு பார்க்கச் சொல்லி 2014இல் உத்தரவும் போட்டார்கள். நம் நாட்டில் தீர்ப்பாயத்துக்குப் போக ஆறு மாசம்தான்! அதோடு 1946 பிப்ரவரியில் பம்பாயில் நேவியின் 'தல்வார்' தளத்தில் கிளர்ச்சி செய்த செய்லர்களையும் ஒழுங்கு கெட்டவர்கள் என்றுதானே அனுப்பினார்கள்? சுதந்திரம் வந்த பிறகும் நேவியில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஓய்வுபெற்ற பி.ஓ.:

தம்பி, அவர்கள் மோசமான சோற்றுக்காகவும் வெள்ளைக்காரனை எதிர்த்தும் எழுந்தவர்கள். லீவு முடிந்து வராததை அதோடு கொண்டுபோய்ச் சேர்க்காதே. அந்த ஆட்களுக்கே அவமானம்.

அமெரிக்க போர்டு விஷயம் எனக்கும் தெரியும். அது தாளில் இருக்கும் தரத்தை மாற்றும், வேலையைத் திருப்பித் தராது. மாமனுக்கு வேண்டியது எது என்று முதலில் கேள்.

மேல்புறம் அக்கா:

நல்ல கேள்விதான் கேட்டீர்கள். என் வீட்டுக்காரரும் நேவிதான், 15 வருஷம் முடித்து வந்தார். ஊரில் பெண் பார்க்கப் போகிற இடத்தில் முதல் கேள்வியே 'பென்ஷன் வாங்கி வந்தாரா, பாதியில் வந்தாரா' என்பதுதான். பாதியில் வந்தவன் என்றால் அடுத்த கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, சாயாவைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். நடத்தை சரியில்லை என்று விடுவித்தால் எக்ஸ்-சர்வீஸ்மென் கணக்கிலும் வராது. அரசு வேலை ஒதுக்கீடும் போச்சு. பி.ஓ. அண்ணன் அதை ஒரு வரியில் 'நிர்வாக முடிவு' என்கிறார்.

ஓய்வுபெற்ற பி.ஓ.:

ஒரு வரியில் சொல்லவில்லை தங்கச்சி. மூன்று தடவைக்கு அப்புறம்தான் சொன்னேன்.

பாறசாலை மாமன்:

நேற்று அவனுடைய கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். மூடியில் பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயின்டில் அப்படியே இருக்கிறது. ஒரு ஜவுளிக்கடைக் கவருக்குள் தாள்கள். நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு எச்சரிக்கைத் தாளிலும் அவன் கையெழுத்து இருக்கிறது. கடைசி நோட்டீஸில் பதில் எழுத அரைப் பக்கம் இடம் விட்டிருக்கிறார்கள். அதில் நீல மையில் ஒரே வரி. எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று இங்கிலீஷில். கீழே கையெழுத்து, தேதி. மீதி இடம் வெள்ளையாகக் கிடக்கிறது.

ஏன்டா இப்படி எழுதினாய் என்று கேட்டேன். 'நீட்டி எழுதினால் மேலும் கோபப்படுவார்கள், இப்படி எழுது என்று கூட இருந்தவன் சொன்னான்' என்றான்.

ஓய்வுபெற்ற பி.ஓ.:

பார்த்தீர்களா. எச்சரிக்கை கொடுத்தார்கள், வாய்ப்பும் கொடுத்தார்கள். வாய் திறக்காதவனுக்காக யார் பேசுவது?

மேல்புறம் அக்கா:

அண்ணே, இருபத்தேழு வயசுப் பையன் தொப்பியைக் கழற்றி டேபிள் முன்னால் விறைப்பாக நிற்கும்போது அம்மா சீக்காக் கிடந்தாள் என்று எழுதுவானா? எங்க வீட்டுக்காரர் 15 வருஷத்தில் ஒரு தடவைகூட வீட்டுக் கஷ்டத்தைத் தாளில் எழுதியதில்லை. 'குடும்பத்தை இழுக்காதே' என்பதைத்தான் அங்கே முதலில் கற்றுக்கொடுக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற பி.ஓ.:

தப்பு. அவசரம் என்று ஒரு தந்தியோ போனோ வந்தால் லீவு நீட்டிக் கொடுத்ததை நானே பல தடவை பார்த்திருக்கிறேன். கேட்க வேண்டும். கேட்காமல் இருந்துவிட்டு அப்புறம் அம்மாவைக் காட்டக் கூடாது. நான் கப்பலில் இருந்தபோது என் அப்பா போனார். ஊருக்கு வந்து சேர்ந்தது பதினாறுக்கு மறுநாள்.

குழித்துறை வக்கீல்:

அந்த ஒரு வரி கேஸை ரொம்பவே பலவீனமாக்குகிறது, மாமா. வாய்ப்பே தரவில்லை என்று இனி வாதாட முடியாது. மிச்சமிருப்பது செய்த தப்புக்கும் இழந்ததற்கும் பொருத்தம் இருக்கிறதா என்ற கேள்விதான். இந்த மாதிரி விஷயத்தில் தீர்ப்பாயங்கள் படையின் முடிவில் சுலபமாகக் கை வைக்காது. நான் ஆசை காட்ட விரும்பவில்லை.

வேலை திரும்பக் கிடைக்கும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். துபே வழக்கில் ஜெயித்தபோதே, பென்ஷனுக்கு வேண்டிய காலம் முடியும் வரை பணியில் இருந்ததாகக் கணக்கு வையுங்கள் என்றுதான் சொன்னார்கள். பழைய சம்பளம் கொடுக்கவில்லை.

காலக்கெடு அடுத்த சிக்கல். 2007 ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டப்படி இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாசம். தளபதிக்கு மனு அனுப்பிப் பதிலே வராவிட்டால் ஆறு மாசம் பொறுத்து, அதற்கப்புறம் ஆறு மாசம். உங்களுக்கு இரண்டு வருஷம் போய்விட்டது. இப்போது ஒரு மனு அனுப்பிவிட்டால் கடிகாரம் முதலிலிருந்து ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாமதத்துக்குச் சரியான காரணம் காட்டி மன்னிக்கக் கேட்க வேண்டும், அந்தக் காரணத்துக்கும் தாள் வேண்டும். தீர்ப்பாயத்தில் தோற்றாலும் ஹைகோர்ட் கதவு மூடவில்லை என்று 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் அது தூரத்துப் பேச்சு.

பாறசாலை மாமன்:

எந்த ஊர் தீர்ப்பாயம் சார்? 1956இல் கோடு போட்டபோது அக்கா வீடு கேரளத்துப் பக்கம் மாட்டிக்கொண்டது. எங்கள் பழைய வீடு களியக்காவிளையில், நடந்து போகிற தூரம். பயலுக்கு ரேஷன் கார்டு இங்கே, ஆதார் அங்கே.

குழித்துறை வக்கீல்:

படையை விட்டு வந்தவர் மனுப் போடும்போது எங்கே வழக்கமாகக் குடியிருக்கிறாரோ அந்த எல்லைக்குட்பட்ட அமர்வில் போடலாம். பாறசாலை என்றால் கொச்சி, களியக்காவிளை என்றால் சென்னை. கொச்சி இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், சென்னை எழுநூறு. உண்மையில் எங்கே தூங்குகிறானோ அந்த விலாசத்தைக் கொடுங்கள், வசதியானதை அல்ல. எங்கே போனாலும் ஒரு நீதிபதியும் படையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அதிகாரியும் சேர்ந்துதான் உட்கார்வார்கள்.

கொல்லங்கோடு தம்பி:

அந்த அதிகாரி நம்ம பி.ஓ. அங்கிள் மாதிரி இருந்தால் கதை முடிந்தது.

ஓய்வுபெற்ற பி.ஓ.:

என்னை மாதிரி இருந்தால் தாளை ஒழுங்காகப் படிப்பார், தம்பி. அண்ணாச்சி, மும்பை மான்குர்டில் செய்லர்களுக்கான பீரோ, அதாவது அவர்களுடைய தாள்களை வைத்திருக்கும் ஆபிஸ், இருக்கிறது. கண்டக்ட் ஷீட் (நடத்தைத் தாள்) நகல் கேட்டு அங்கே எழுதுங்கள். கடிதத்தை எப்படி எழுதுவது என்று சொல்லித் தருகிறேன். அதனால் நான் உங்கள் பக்கம் வந்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேல்புறம் அக்கா:

மாமண்ணே, ஒன்று கேட்கட்டுமா? அந்த 23 நாளுக்கு ஆஸ்பத்திரித் தாள் இருக்கிறதா? அம்மாவை அட்மிட் பண்ணின தேதி, லீவு முடிந்த தேதி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா?

பாறசாலை மாமன்:

பார்த்தேன். லீவு 12ஆம் தேதியோடு முடிகிறது. அக்காவை அட்மிட் பண்ணினது 14ஆம் தேதி ராத்திரி.

ஓய்வுபெற்ற பி.ஓ.:

அப்படியென்றால் அந்த இரண்டு நாள்?

குழித்துறை வக்கீல்:

மாமா, அதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அவர்கள் எடுத்துக் காட்டினால் மீதி 21 நாளையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் என்ன எழுதுவது என்பதை அவன்தான் சொல்ல வேண்டும்.

பாறசாலை மாமன்:

சாயங்காலம் கேட்டேன். ரோலரில் ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருந்தான். கையை நிறுத்தவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. அந்த நேரத்தில் அக்காவும் திண்ணையில் இருந்தாள், அதனாலோ என்னவோ. நாளை வெட்டு முடிந்து வரட்டும், தனியாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கிறேன்.