சென்டினல் நோடு: வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

எல்லாருக்கும் வணக்கம். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் போகிறவர்களுக்கான ஒரு சிறு கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகணும். மற்றதெல்லாம் முடிந்தது, 'சென்டினல் நோடு' மட்டும் நிற்கிறது. மார்பகத்திலிருந்து வடியும் நிணநீரில் (திசுக்களில் ஊறும் தெளிந்த நீர், லிம்ஃப்) பெரும்பகுதி அக்குளுக்குப் போகிறது, அங்கே கொழுப்புக்குள் 20, 30 கணுக்கள் (நிணநீர் வழியில் உள்ள சிறு முடிச்சுகள்) புதைந்து கிடக்கின்றன, கட்டியிலிருந்து வரும் நிணநீர் அவற்றில் எதில் முதலில் போய்ச் சேருகிறதோ அதுதான் இது. மார்பில் நீலச் சாயமோ கதிரியக்க மருந்தோ ஊசி போட்டு, அது ஏறிய கணுவை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். அதில் புற்று இல்லையென்றால் மிச்சத்தைத் தொட வேண்டியதில்லை, பிற்பாடு கை வீங்கும் தொல்லையும் வெகுவாகக் குறையும். 'காவற்கணு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

தமிழாசிரியர், பணி நிறைவு, தஞ்சாவூர்:

காவற்கணு நல்ல சொல் அம்மா, தயங்காமல் போடுங்கள். கணு என்பது மூங்கிலுக்கும் கரும்புக்கும் உள்ளது, பொருத்தம். மூங்கில் என்றதும் ஒன்று சொல்லணும். வேய்த்தோள், அதாவது மூங்கில் போன்ற தோள் என்று பாடினார்களே, அது கணுவுக்குக் கணு இடையிலுள்ள வழவழப்பான பகுதிக்குச் சொன்னது. ஆகவே பழந்தமிழில் தோள் என்றால் முழங்கை வரைக்கும் உள்ள மேற்கையும் சேர்த்துத்தான். குறள் 1234-இல் தொடி (வளை) கழன்று விழுவது தோளிலிருந்து, கழுத்தடியில் இருக்கும் காறையெலும்பின் மேல் யார் தொடி போடுவார்கள்? அக்குளுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் உண்டு: அஃகுதல் சுருங்குதல், அஃகிய உள் அக்குள். அகராதிக்காரர்கள் ஏற்கமாட்டார்கள், அது அவர்கள் பாடு.

அறுவை மருத்துவர், மதுரை:

ஐயா, தோளை அப்புறம் பார்க்கலாம். எனக்குக் 'காவல்' பிடிக்கவில்லை. வார்டில் ஓர் அம்மாவிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன். "காவல் காக்கிறதைப் போய் ஏன் எடுக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார். கேள்வி நியாயமானது! அந்தக் கணு எதையும் தடுத்து நிறுத்தும் என்று நாங்கள் சொல்வதில்லை. புற்று பரவினால் முதலில் அங்கேதான் தெரியும், அவ்வளவே. இந்தக் கருத்தைக் கபானாஸ் என்ற மருத்துவர் 1977-இல் ஆண்குறிப் புற்றுக்குச் சொன்னார், மார்பகத்துக்கு வந்தது 1990களில்தான். 'முதற்கணு' போதுமே.

கதிரியக்கப் பிரிவில் வேலை, கோவை:

டாக்டர், முதற்கணு இன்னும் குழப்பும். அக்குள் என்று நாம் சொல்வது வெளியில் தெரியும் குழியை. உடற்கூற்றில் அது ஒரு கூம்பு வடிவ அறை. முன்னால் மார்புத் தசைகள், பின்னால் தோள்பட்டைத் தசைகள், உள்பக்கம் விலா, வெளிப்பக்கம் மேற்கை எலும்பு. உச்சி, காறையெலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவே கழுத்துப் பக்கம் திறக்கிறது. அந்த உச்சி வரை கணுக்கள் இருக்கின்றன, சிறிய மார்புத் தசையை எல்லையாக வைத்து அதற்குக் கீழே முதல் நிலை, பின்னால் இரண்டாம் நிலை, மேலே மூன்றாம் நிலை என்று ரிப்போர்ட்டில் எழுதுகிறார்கள். 'முதற்கணு' என்று படிப்பவர் முதல் நிலைக் கணு என்று எடுத்துக்கொள்வார், இல்லாவிட்டால் நோயே முதல் கட்டம் என்று நிம்மதி அடைவார். தவிர, சாயம் இரண்டு மூன்று கணுவில் ஏறுவது சாதாரணம். மூன்று முதற்கணுவா?

சித்த மருத்துவ மாணவர், பாளையங்கோட்டை:

மக்களிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறதே. கையில் புண் வந்தால் 'கம்புக்கூட்டில் நெறி கட்டியிருக்கு' என்று எங்கள் ஆச்சி சொல்வாள், கம்புக்கூடு என்றால் அக்குள். 'நெறி' என்றே போடலாம், 'முன்நெறி'.

அறுவை மருத்துவர், மதுரை:

தம்பி, நெறி என்பது வீங்கின பிறகு சொல்வது. இந்தச் சோதனையே அக்குளில் கைக்கு எதுவும் தட்டுப்படாதவர்களுக்குத்தான் பெரும்பாலும் செய்கிறோம். நெறி என்று அச்சடித்தால் எல்லாரும் கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டே வருவார்கள்.

விரிவுரையாளர், யாழ்ப்பாணம்:

எங்கள் பக்கம் அக்குள் என்றால் விளங்கும், ஆனால் வாயில் வருவது கமக்கட்டு. மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர். அப்போது உடற்கூற்றுக்கு வழங்கிய பெயர் அங்காதிபாதம். வடசொல்தான், மாணவருக்கு விளங்கினால் போதும் என்று இருந்தார்கள். சென்டினல் என்றே எழுதிப் பக்கத்தில் விளக்கம் கொடுத்தால் என்ன குறை?

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

குறை உண்டு. இன்று சென்டினல், நாளை கணுவும் போய் நோடு, அப்புறம் 'லிம்ஃப் நோடை ரிமூவ் பண்ணணும்' என்பதே தமிழ் ஆகிவிடும், ஆகிவிட்டது. கமக்கட்டு என்றீர்களே, நாங்கள் கமுக்கட்டு என்போம், அது கமுக்கத்தோடு தொடர்புள்ளது என்பது என் ஊகம். ஒளித்து இடுக்கும் இடம். கக்கம் வேண்டாம், அது கக்ஷம் என்ற வடசொல்.

கதிரியக்கப் பிரிவு, கோவை:

ஐயா, 'கக்கத்துல தெர்மாமீட்டர் வைங்க' என்று தினமும் சொல்கிறோம், யாரும் வடமொழி என்று எடுத்து எறியவில்லை.

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

புதன் இரவு ஆகிவிட்டது. அதிகம் பேர் காவற்கணுப் பக்கம் என்று தெரிகிறது, தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்து. தலைப்பில் அதை வைக்கிறேன். உள்ளே முதல் தடவை வரும்போது 'சாயம் முதலில் சென்று சேரும் கணு, மருத்துவர்கள் இதைச் சென்டினல் நோடு என்பார்கள்' என்று விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் ரிப்போர்ட்டில் அவர்கள் பார்க்கப்போவது அதைத்தான். 'இந்தக் கணுவை எடுப்பதால் உடம்பின் காவல் போய்விடாது' என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன். சாயத்தால் சிறுநீர் நீலப்பச்சையாகப் போகும், பயப்படவேண்டாம் என்பதும் இருக்கிறது. சொல்லப்போனால் அதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள்.

அறுவை மருத்துவர், மதுரை:

அச்சில் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும், நான் வார்டில் முதல் கணு என்றுதான் சொல்வேன்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

அச்சகத்தில் 'காவல் கணு' என்று பிரித்துவிடப் போகிறார்கள், மெய்ப்பு ஒரு தடவை எனக்கு அனுப்புங்கள் அம்மா. 'நிணநீர்' பற்றியும் பேசவேண்டியிருக்கிறது. நிணம் என்றால் கொழுப்பு, அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.